கேதம் சொன்ன சைக்கிள்

ஜனவரி 20, திங்கள்

இன்று என் தலையில் சைக்கிளைக் கட்டினார்கள்.

நல்லூரணி நகராட்சியில் யாருக்கும் பிடிக்காத வேலை எது வந்தாலும் அது சமுதாய அமைப்பாளர் அங்கயற்கண்ணிக்குத்தான். போன வருஷம் மக்கும் குப்பை, மக்காத குப்பை. அதற்கு முந்தின வருஷம் கொசு. இப்போது மிதிவண்டி ஊக்குவிப்புத் திட்டம். ஒரு லாரி நிறையப் பச்சை சைக்கிள்கள் வந்து இறங்கியிருக்கின்றன. கடைவீதியில் ஒரு நிறுத்தம், பேருந்து நிலையத்தில் ஒன்று, காலனியில் ஒன்று. நகராட்சி அட்டையைக் காட்டினால் காவலர் பூட்டைத் திறந்து கொடுப்பார். எந்த நிறுத்தத்திலும் எடுக்கலாம், எந்த நிறுத்தத்திலும் விடலாம். வாடகை கிடையாது.

ஆணையர் சின்ன வயசுக்காரர், வெளியூர். "ஏப்ரல்ல மேலேர்ந்து குழு வருது மேடம். ஜனங்க ஓட்டினா திட்டம் நிக்கும். இல்லேன்னா எல்லாத்தையும் திரும்ப லாரில ஏத்திருவாங்க" என்றார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சிரிப்பு. "சைக்கிள் ஓட்டிட்டிருந்தவன்தான் கடன வாங்கி பைக் வாங்குனான். இப்ப மறுபடியும் மிதிக்கச் சொல்றீகளாக்கும்" என்றார். ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்குத் தொந்தி வந்துவிட்டது. முதலில் மிதிக்க வேண்டியவர் அவர்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றி முடித்த கையோடு திறப்பு விழா. நகர்மன்றத் தலைவர் சைக்கிளில் ஏறி நாலு மிதி மிதித்தார். ஐந்தாவது மிதியில் வேட்டி நுனி சங்கிலியில் மாட்டிக்கொண்டது. கடைவீதி வார்டு கவுன்சிலர் நாகரத்தினம் ஓடிப்போய்ப் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி வேட்டியை விடுவித்தார். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். நாகரத்தினம் நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். கல்யாணமோ காய்ச்சலோ, முதல் ஆளாக வந்து நிற்பார். அவர் மகள் யாழினி பன்னிரண்டாம் வகுப்பு. அவளும் ஒரு சைக்கிளை எடுத்துக் கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

மாலையில் காலனி நிறுத்தத்துக்குப் போனேன். கூட்டம் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் மட்டும் கிட்டே வந்தாள்.

"இத நாங்களும் எடுக்கலாமாக்கா?"

"உங்களுக்குத்தானம்மா வச்சிருக்கு."

"பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விட்டா வாங்கிக்கிடுவாகளா? ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?"

இப்படித் துருவித் துருவிக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும், நானே அந்த ரகம்தான். பெயர் ஜெசிந்தா. ரத்தம் பரிசோதிக்கிற படிப்புப் படித்தவள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பரிசோதனைக் கூடத்தில் வேலை கேட்டிருக்கிறாள். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கிறவர்கள் விடியற்காலையிலேயே வந்து குந்திவிடுவார்கள். அவர்களுக்கு முன்னால் வந்துவிட முடியும் என்றால் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். காலனிக்கு முதல் மினி பஸ் வருவதே ஏழு மணிக்கு மேல்.

"இனிமே முடியும்னு போய்ச் சொல்லிறட்டாக்கா?" என்றாள். சொல் என்றேன்.

ஜனவரி 31, வெள்ளி

சைக்கிள்களைப் பார்த்தால் எனக்குப் பொழுது போவதே தெரியவில்லை. ஒவ்வொன்றும் எங்கே போய்விட்டு வந்தது என்று மோப்பம் பிடிக்கிறேன். ஒன்றின் கேரியரில் கருவாட்டு வாசம். ஒன்றின் கூடையில் உதிர்ந்த கனகாம்பரம். ஒன்றில் ஆட்டுப் புழுக்கை. ஆட்டைச் சைக்கிளில் எப்படி உட்கார வைத்தார்கள் என்று காவலரைக் கேட்டேன். "அது பாட்டுக்கு உக்காந்திருந்துச்சு மேடம். ஓட்டுனவருதான் ஆடிட்டே போனாரு" என்றார்.

ஜெசிந்தாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. தினமும் காலனியில் எடுத்துப் பேருந்து நிலையத்தில் விடுகிறாள்.

இந்த டைரியை அவர் எடுத்துப் படிக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். படித்தால் படிக்கட்டும். மளிகைச் சாமான் கணக்கும் இதில்தான் இருக்கிறது. எழுதக் கூடாததை எழுதாமல் இருக்க எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 6, வியாழன்

காலனியில் சைக்கிள் அதிகமாகச் சேர்ந்துவிட்டது, கடைவீதியில் குறைந்துவிட்டது. ஒன்றை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். சீட்டைத் துடைத்துவிட்டு ஏறினேன், ஒரே தூசு. கல்லூரி நாளுக்குப் பிறகு இப்போதுதான் ஓட்டுகிறேன். முழங்கால் விண் விண் என்று தெறிக்கிறது. தைலம் தேய்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

என்னமோ நடக்கிறது. கடைவீதி நிறுத்தத்தில் சைக்கிள்கள் நின்றது நின்றபடி நிற்கின்றன. சைக்கிள் மணிகளின் மேல் காக்கை எச்சம். நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தானாம்.

பூக்கடைக்காரம்மா தினமும் எடுப்பவர். அவரைப் பிடித்துக் கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அதுல ஒண்ணு கேதம் சொல்லப் போன சைக்கிளாம்த்தா" என்றார். இழவுச் செய்தியை ஊர் ஊராய்க் கொண்டுபோய்ச் சொன்ன சைக்கிளாம். போன ஆள் தலை முழுகினான், சைக்கிளை யார் முழுக்காட்டினார்கள்? அதில் நல்ல காரியத்துக்குப் போனால் விளங்குமா?

"எந்தச் சைக்கிளு?"

"அது தெரிஞ்சா மத்தத எடுக்க மாட்டோமா? எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு!"

எனக்கு ஆவல் தாங்கவில்லை. எந்தச் சைக்கிள்?

பிப்ரவரி 14, வெள்ளி

டீக்கடையில் பதினாலாம் நம்பர் என்றார்கள். டியூஷன் வாத்தியார் ஒன்பதாம் நம்பர் என்றார். ஜவுளிக்கடையில் நம்பர் தெரியாது, ஆனால் அதன் மணி மட்டும் சாவு வீட்டுச் சேகண்டி மாதிரி அடிக்கும் என்றார்கள். நான் நிறுத்தத்துக்குப் போய் ஒவ்வொரு மணியாக அடித்துக் கேட்டேன். எல்லாமே சைக்கிள் மணி மாதிரிதான் அடிக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை ஏன் கேட்கிறீர்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

ஆணையரிடம் பக்குவமாகச் சொன்னேன். "பரிகாரம் பண்ணிட்டா ஓட்டுவாங்களா?" என்றார். ஓட்டுவார்கள் என்றேன். பராமரிப்பு என்று போட்டு அனுமதி கொடுத்தார்.

எல்லாச் சைக்கிளையும் கடைவீதியில் கொண்டுவந்து நிறுத்தினோம். மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, முன் சக்கரத்துக்கு ஒன்று பின் சக்கரத்துக்கு ஒன்று என்று எலுமிச்சம்பழம் நசுக்கினோம். நகராட்சிச் சரித்திரத்தில் சைக்கிளுக்குத் தலை முழுக்காட்டியது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். நாகரத்தினமும் வந்து சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்ல காரியம் பண்ணுனீக மேடம்" என்றார்.

மிச்ச எலுமிச்சம்பழத்தில் ஊறுகாய் போட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பரிகாரம் பலிக்கவில்லை. இப்போது வேறு ஒரு நம்பரைச் சொல்கிறார்கள். அதையும் கழுவினோமே என்றால், கழுவின பிறகு மறுபடியும் போயிற்றாம்.

காலனி நிறுத்தத்தில் மட்டும் சைக்கிள்கள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. அங்கே யாருக்கும் கேதத்தைப் பற்றிப் பயமே இல்லை. அதுவும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிப்ரவரி 22, சனி

நேற்று ஊறுகாய்க்கு இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது. கேதம் சொன்னார்கள் சரி, யாருடைய கேதம்? செத்தது யார்? இத்தனை நாளாக எந்தச் சைக்கிள் என்று தேடினேனே தவிர, எந்தப் பிணம் என்று கேட்கவே இல்லை.

இன்று விடுமுறையைப் பார்க்காமல் தெருத் தெருவாகக் கேட்டேன். காலனியிலும் கேட்டேன். பொங்கலுக்குப் பிறகு நல்லூரணியில் ஒரு சாவும் விழவில்லை. அப்படியென்றால் கதையை யார் கிளப்பியது? ஒவ்வொருவரும் "அவுக சொன்னாக, இவுக சொன்னாக" என்று கையைக் காட்டக் காட்ட நடந்து, கடைசியில் நாகரத்தினம் வீட்டு வாசலில் போய் நின்றேன். கவுன்சிலர் இல்லை. அவர் மனைவி மோர் கொடுத்தார்.

"செத்தது யாருங்க?" என்றேன்.

"அது யாரோ."

"யாருமே சாகலைங்க. நான் கேட்டுட்டுத்தான் வர்றேன்."

அந்தம்மா டம்ளரில் மறுபடியும் மோர் ஊற்றினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க நம்ம ஆளு. உங்களுக்கு விளக்கிச் சொல்லணுமாக்கும்? அந்தச் சைக்கிளு ராத்திரி எங்க நிக்கிது, காலையில யாரு ஏறி மிதிச்சிட்டு வர்றா... எங்க வயசுப்புள்ள உக்காருற சீட்டு. அத வெளிப்படையாச் சொன்னா சட்டம் கிட்டம்னு வந்துருவாக. கேதம்னு சொன்னா எவரும் ஏன்னு கேக்க மாட்டாக பாருங்க."

"நான் கேட்டேனே."

"நீங்க கேப்பீங்க" என்று சிரித்தார்.

மோர் நன்றாக இருந்தது. இரண்டாவது டம்ளரும் குடித்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். விடுகதைக்கு விடை கிடைத்த சந்தோஷம்தான் முதலில் வந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆணையர் கவலையாக இருக்கிறார். கடைவீதி ஓட்டாவிட்டால் திட்டம் போச்சு. நான் ஒரு யோசனை சொன்னேன். காலனி நிறுத்தத்துச் சைக்கிள்களுக்குப் பின் மட்கார்டில் ஒரு மஞ்சள் கோடு போட்டுவிடுவது. கோடு போட்டது காலனி நிறுத்தத்துக்கே திரும்ப வேண்டும், மற்ற இரண்டு நிறுத்தத்திலும் வாங்கக் கூடாது. காரணம் கேட்டால் பராமரிப்பு வசதி.

"பிரில்லியன்ட்!" என்றார். என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துச் சொன்னார்.

திட்டம் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. பிழைத்தால் எல்லோருக்கும்தானே நல்லது.

மார்ச் 3, திங்கள்

மட்கார்டில் கோடு போட்ட மறுநாளே கடைவீதியில் சைக்கிளுக்கு வரிசை. பூக்கடைக்காரம்மா கூடையோடு நிற்கிறார். யாழினி பரீட்சைக்குச் சைக்கிளில் போனாள். நாகரத்தினம் என்னைக் கூப்பிட்டு, தலைவர் முன்னாலேயே, "மேடம் மாதிரி நாலு பேர் இருந்தா ஊர் எங்கயோ போயிரும்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வரும் வழியில் அரைக் கிலோ அல்வா வாங்கினேன்.

மார்ச் 8, சனி

காலனி நிறுத்தத்துக்குப் போனேன். கோடு போட்ட சைக்கிள் அத்தனையும் சங்கிலியோடு வரிசையாக நிற்கின்றன. ஒன்றுகூட வெளியே போகவில்லை. காவலர், "நேத்தும் இப்படித்தான் மேடம்" என்றார்.

வேலை முடிந்து ஜெசிந்தா நடந்து வந்துகொண்டிருந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"ஏன்மா நடந்து வர்ற? சைக்கிள எடுக்கலையா?"

"எடுத்து எங்கக்கா விட? பஸ் ஸ்டாண்டுல கோடு போட்டத வாங்க மாட்டேங்காக. லேப் வாசல்ல நிறுத்த எடமில்ல. காலனிக்குள்ளயே சுத்திச் சுத்தி வாறதுக்கு எதுக்கு சைக்கிளு?"

"அது பராமரிப்புக்காக வச்சதும்மா."

அவள் சிரித்தாள். கோபமாகச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு நீங்ககூட இங்கருந்து ஒண்ண எடுத்துட்டுப் போனீங்களேக்கா. சீட்டத் துடைச்சிட்டுத்தான ஏறுனீங்க. நான் இங்கனதான் நின்னேன்."

தூசு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முந்தின நிமிஷம்தான் அவள் அந்தச் சைக்கிளில் வந்து இறங்கியிருந்தாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த நிமிஷம் பூமி பிளந்து உள்ளே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. இட்லிக்கு அரைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

கடைவீதிக் காவலர் இதைச் சொன்னார்.

காலனியிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் பாதி வழியில்தான் கடைவீதி. விடியற்காலையில் ஜெசிந்தா அதுவரை நடந்து வந்து, அட்டையைக் காட்டிக் கோடு போடாத பச்சைச் சைக்கிள் ஒன்றைக் கேட்டிருக்கிறாள். காவலரும் கொடுத்துவிட்டார். ஏறப் போகிற நேரத்தில், நடைப்பயிற்சிக்கு வந்த நாகரத்தினம் நாலு பேரோடு வந்து சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். சத்தம் போடவில்லையாம். நல்ல மனிதர் அல்லவா!

"ஏம்மா, ஒங்களுக்குத்தான் தனியாக் குடுத்திருக்கே. அத எடுத்துக்கோ."

"அத பஸ் ஸ்டாண்டுல விட முடியல சார். வேலைக்கு நேரமாச்சு."

"நானா சட்டம் போட்டேன்? அங்கயற்கண்ணி மேடம் போட்டது. போய் அவுகளக் கேளு."

அவள் சைக்கிளை விட்டுவிட்டு நடந்து போயிருக்கிறாள். நான் நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். முதலாளி அப்படி ஒன்றும் பொல்லாதவர் இல்லை. "வெறும் வயித்தோட சுகர் பேஷண்டுக காத்திருக்காக மேடம், மயக்கம் போட்டு விழுந்தா யாரு பதில் சொல்றது? நல்ல பொண்ணுதான். ஆனா திங்கக்கிழமைலருந்து நேரத்துக்கு வரலைன்னா வேற ஆளு பாத்து வச்சிருக்கேன்" என்றார்.

உள்ளே ஜெசிந்தா குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "திங்கக்கிழமை இன்னும் இருட்டோடயே கெளம்பி நடந்துருவேன்க்கா. அன்னைக்கு ஒருநாளு முடியும். தெனமும் பொட்டப்புள்ள இருட்டுல நடக்க அம்மா விடாது" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 14, வெள்ளி

ஆணையரிடம் கோட்டு விதியை எடுத்துவிடுங்கள் என்றேன். "குழு வந்துட்டுப் போகட்டும் மேடம். இப்பத்தான் கடைவீதி ஓட்ட ஆரம்பிச்சிருக்கு" என்றார். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும் என்றேன். "ஒருத்தருக்காகத் திட்டத்தையே..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

"யோசனை உங்களோடதுதானே" என்றும் சொன்னார். அது நியாயம்தான்.

மார்ச் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். கத்திரிக்காய் புளிக்குழம்பு. மாலையில் கடைக்குப் போய் அவருக்கு ஒத்தாசையாகப் பெயிண்ட் டப்பாக்களைத் துடைத்து அடுக்கினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்யாத வேலை. "இன்னைக்கு மழைதான்" என்றார்.

பழைய நைட்டி ஒன்றைத் தேடி எடுத்து வைத்தேன். காலையில் வெள்ளனவே எழுந்து கோயிலுக்குப் போக வேண்டும். படுக்கப் போகிறேன்.

மார்ச் 17, திங்கள்

ஊரே கடைவீதியில் நிற்கிறது. நிறுத்தத்தில் இருந்த சைக்கிள் ஒன்று விடாமல் பின் மட்கார்டில் மஞ்சள் கோடு! காவலர் வேலைக்கு வருவதற்கு முன்னாலேயே யாரோ போட்டிருக்கிறார்கள். நகராட்சி போட்டது கொஞ்சம் காவி கலந்த மஞ்சள், வேகத்தடைக்கு அடிக்கிறது. இது எலுமிச்சை மஞ்சள். ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கோடு கோடுதான்.

நானும் போய் வாயில் கை வைத்து நின்றேன். "அடப் பாவமே" என்றேன். கோடு அவ்வளவு நேராக இல்லை. அவசரத்தில் இழுத்த மாதிரி இருந்தது.

அப்போது பேருந்து நிலையத்திலிருந்து போன். அங்கேயும் எல்லாச் சைக்கிளிலும் மஞ்சள் கோடாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைவீதி சரி. பேருந்து நிலையத்தில் எப்படி? அங்கே எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும், யாரும் அந்தப் பக்கம் போயிருக்க வழியே இல்லையே. ஓடிப்போய்ப் பார்த்தேன். அதே எலுமிச்சை மஞ்சள். ஆனால் கோடு அளவெடுத்து அடித்தது போல நேராக, நிதானமாக, விளிம்பு பிசிறாமல் இருந்தது. டீக்கடைக்காரர், "நகராட்சி வேலைன்னு நெனச்சேன் மேடம், அம்புட்டு சுத்தமா அடிச்சது ஆளு. இருட்டு, மொகம் தெரியல" என்றார்.

கடைவீதி நிறுத்தத்துக்குப் பின்னால் வைத்த மீதி டப்பாவும் பிரஷும் காணவில்லை. வைத்ததாகச் சொல்கிறார்கள்.

பேருந்து நிலையக் காவலர்தான் பாவம். கோடு போட்டதை வாங்கக் கூடாது என்றால் இனிமேல் எதையுமே வாங்க முடியாது. "எது எங்கதுன்னு தெரியலையே மேடம்" என்றார். எல்லாவற்றையும் வாங்குங்கள் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

விசாரணைக்கு உத்தரவு போட்டிருக்கிறார் ஆணையர். விசாரணை அதிகாரி யார்? யாருக்கும் பிடிக்காத வேலை அல்லவா, நான்தான்.

"ஏன் வீடெல்லாம் மண்ணெண்ணெய் வாடை?" என்றார் அவர். கரப்பான் பூச்சி என்றேன்.

மார்ச் 20, வியாழன்

நாகரத்தினம் விசாரணைக்கு உதவி செய்கிறார். ஊரில் மொத்தம் எத்தனை கடையில் பெயிண்ட் விற்கிறது, அந்த எலுமிச்சை மஞ்சள் யாரிடம் இருக்கிறது என்று கடை கடையாகப் போய்க் கேட்கிறார். நம் கடைக்கும் வந்தார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே நுழைந்த நேரம்.

"எங்ககிட்ட அந்த மஞ்சளே கெடையாதுண்ணே" என்றார் அவர், தராசைத் துடைத்துக்கொண்டே. "தேர்தல் முடிஞ்சப்பறம் செவுத்துல எழுத மஞ்சள எவன் கேக்குறான்?"

கவுன்சிலர் போன பிறகு தூக்கைத் திறந்து குழம்பை முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்க்காமலே, "டப்பா ஒண்ணு குறையுது. எலி தூக்கிட்டுப் போயிருச்சு போல" என்றார். "பெரிய எலிதான்" என்றும் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனை இவ்வளவு பிடித்துப்போனது இன்றுதான்.

மார்ச் 21, வெள்ளி

நகர்மன்றக் கூட்டம். கோட்டைச் சுரண்டினால் பச்சையும் சேர்ந்து வருகிறது. குழு வரும்போது சைக்கிள்கள் சொறி பிடித்தது போல நிற்கக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். கோடு இருக்கட்டும், கோட்டு விதி நடைமுறைக்கு ஒவ்வாததால் கைவிடப்படுகிறது என்று தீர்மானம். ஆணையர் வாசித்தார். இந்த முறை என்னைப் பார்த்தே வாசித்தார்.

கடைவீதியில் நாலு நாளாக எவரும் தொடவில்லை. இன்று பன்னிரண்டு மணி வெயிலில் பூக்கடைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாழினியும் எடுத்தாள். "அப்பாட்ட சொல்லிராதீங்க ஆன்ட்டி" என்றாள். மற்றவர்கள் இன்னும் நடக்கிறார்கள். எத்தனை நாள் நடப்பார்கள் என்று பார்க்க வேண்டும்.

விசாரணை அறிக்கை கொடுத்துவிட்டேன். யார் என்று கண்டறிய இயலவில்லை.

ஆனால் பேருந்து நிலையம்? அது யார் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. மண்டை குடைகிறது.

மார்ச் 22, சனி

விடியற்காலையில் சர்க்கரை பார்க்கப் போனேன். டாக்டர் சொல்லி வெகுநாளாகிறது. பரிசோதனைக் கூடத்து வாசலில் வெறும் வயிற்றோடு ஒரு வரிசை. எனக்குப் பின்னால் நாகரத்தினம், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கொட்டாவி விட்டபடி. "விசாரணை என்னாச்சு மேடம்?" என்றார். "ஒண்ணும் துப்புக் கெடைக்கலைங்க" என்றேன்.

உள்ளே ஜெசிந்தா கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாளாம். கையை நீட்டினேன். ரப்பர் குழாயைக் கட்டி, நரம்பைத் தேடி, எறும்பு கடித்ததுபோல ஊசியை ஏற்றி எடுத்துவிட்டாள். பஞ்சை வைத்து என் கையை மடக்கியவள், விரல்களைப் பிடித்தபடியே நின்றாள். என் நகக்கண்களையே பார்த்தாள்.

"சமையல் மஞ்சள்மா" என்றேன்.

"சமையல் மஞ்சள்னா சோப்புக்குப் போயிருக்கும்க்கா."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கையுறைகளைக் கழற்றினாள். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகமாகத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையைக் குனிந்து மறைத்தேன். குனிந்த இடத்தில் அவள் விரல்கள் இருந்தன. ஐந்து நகத்தின் ஓரத்திலும் எலுமிச்சை மஞ்சள்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஒங்க கோடு கோணக்கா" என்றாள் மெதுவாக.

"அவசரத்துல இழுத்தது" என்றேன்.

பஞ்சை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இந்த முறை அவள் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு நகம்தான் முடிந்திருக்கும், கதவைத் தட்டினார்கள். "ஏம்மா, எம்புட்டு நேரம்? பசி உசுரு போகுது" என்று நாகரத்தினத்தின் குரல்.

ஜெசிந்தா கையை உருவிக்கொண்டாள். மிச்ச மஞ்சளோடு கையுறையை மாட்டினாள். "உள்ள வாங்க சார்" என்றாள்.

நாகரத்தினம் வந்து உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கையை அவளிடம் நீட்டினார்.